பசலை காட்டாத செடி

என் முதல் தொகுப்பில் போன்சாய் பற்றி ஒரு கவிதை உண்டு. வேரை வெட்டி, கிளையில் கம்பி சுற்றி, கையகலத் தொட்டியில் நிறுத்திவைத்த மரமும் நம் வீட்டுப் பெண்ணும் ஒன்று என்று அது சொல்லும். எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது. அந்த உவமையை நானே கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். அமெரிக்கக் கவிஞர் மார்ஜ் பியர்சி பல ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதிவிட்டார் என்று ஆங்கிலத் துறைத் தோழி ஒருத்தி எடுத்துக் காட்டியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் மகளிர் தின மேடைகளில் அந்தக் கவிதையைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். கைத்தட்டலும் அதற்குத்தான் அதிகம். எங்கள் கல்லூரி ஆண்டுமலருக்கு மாணவிகள் தரும் கவிதைகளில் வருடத்துக்கு இரண்டு போன்சாயாவது வந்துவிடும்.

இன்று என் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு போன்சாய் இருக்கிறது. ரோஸ்மேரி. ஒரு அடி உயரம். காலையில் காபிக்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். 'அப்போ அந்தக் கவிதை?' என்று கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தச் செடிக்கு முன்னால் செத்துப்போன இன்னொரு ரோஸ்மேரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதை எனக்குக் கொடுத்தவள் என் ஆய்வு மாணவி. கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் வருடம், பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது கறுப்புக் கவரில் ஒரு நாற்றைக் கொண்டுவந்தாள். நீலகிரியில் ரோஸ்மேரி சாகுபடிப் பயிர். தழையிலிருந்து தைலம் எடுப்பார்கள். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிறு புட்டிகளும் இருக்கும். துளசி, புதினா, தும்பையெல்லாம் சேர்ந்த குடும்பம்தான் இதுவும். ஆனால் பார்த்தால் நம்ப முடியாது. ஊசி ஊசியான இலை. மேலே கரும்பச்சை, அடியில் வெளுப்பு. விரலால் உருவினால் கற்பூரம் மாதிரி ஒரு மணம் கையில் ஒட்டிக்கொள்ளும்.

"இதுக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் மேம். வெயில் இருந்தாப் போதும். அதுபாட்டுக்கு இருக்கும்" என்றாள்.

அதுபாட்டுக்குத்தான் இருந்தது. அவளும் அவள்பாட்டுக்கு இருந்தாள். குறுந்தொகையில் தோழி கூற்றுகள் அவளுடைய ஆய்வுப் பொருள். கேட்ட தேதியில் இயலைக் கொண்டுவந்து வைப்பாள். சிவப்பு மையில் நான் கிழித்ததை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். மற்ற மாணவிகள் என் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், விடுதிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டிருக்கிறார்கள், காதல் முறிந்த கதை சொல்லியிருக்கிறார்கள். இவளிடமிருந்து எதுவும் வந்ததில்லை. 'எப்படிப் போகுது?' என்றால் 'போகுதுங்க மேம்' என்பாள். துறை அறையில் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வேன்: "இந்த மூணு வருஷத்துல ஒரு நாள் அவ முகம் வாடி நான் பார்த்ததில்லை."

அந்த மூன்றாவது வருட ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக வெளியூர் போனேன். பன்னிரண்டு நாள். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவன் நான்கு நாள் ஊற்றிவிட்டு மறந்துவிட்டான். கோவை வெயில் மலை வெயில் இல்லை. திரும்பி வந்தபோது செம்பருத்தி தலை தொங்கிக் கிடந்தது. புதினா சுருண்டு சருகாகியிருந்தது. ரோஸ்மேரி மட்டும் போட்டது போட்டபடி பச்சையாக நின்றது. 'நீதான்டி சமத்து' என்று அதனிடம் சொன்னது நினைவிருக்கிறது. செம்பருத்திக்கு ஒரு வாளி ஊற்றினேன். ரோஸ்மேரிக்குக் கடைசியாக ஒரு செம்பு.

செம்பருத்தி மறுநாளே நிமிர்ந்துவிட்டது. நான்கு நாள் கழித்து எதிர்வீட்டுப் பெண் ரோஸ்மேரிக் கொத்து கேட்டு வந்தாள். தண்ணீரில் கொதிக்கவைத்துத் தலைக்குத் தடவினால் முடி வளரும் என்று செல்போனில் பார்த்துவிட்டுத் தெருவே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கிள்ளப் போனேன். இலைகள் பொலபொலவென்று கையில் உதிர்ந்தன. குச்சி பட்டென்று முறிந்தது. அப்போதும் இலையில் பச்சை போகவில்லை. மணமும் இருந்தது. செத்து எத்தனை நாள் ஆகியிருந்ததோ.

ரோஸ்மேரியின் சொந்த ஊர் மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகள். லத்தீனில் அதன் பெயருக்குக் கடல்பனி என்று பொருள். மாதக்கணக்கில் மழையில்லாத கோடையைத் தாங்க அது தன் இலையைத் தடித்த தோலாக்கி, ஓரங்களை உள்பக்கம் மடித்துவைத்திருக்கிறது. செம்பருத்தி இலை தண்ணீரின் பலத்தில் நிற்பது; தண்ணீர் குறைந்ததும் சில மணி நேரத்தில் துவண்டு சொல்லிவிடும். ரோஸ்மேரி இலை தன் விறைப்பில் நிற்பது. வேர் காய்ந்தாலும் சரி, தண்ணீர் அதிகமாகி அழுகினாலும் சரி, மேலே பல நாள் எதுவும் தெரியாது. தெரியும்போது செய்வதற்கு எதுவும் இருக்காது.

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் அவள் ஒரு கடிதத்துடன் வந்தாள். சொந்தக் காரணங்களால் ஆய்வைத் தொடர இயலவில்லை என்று ஒரே வரி. கையில் எனக்குத் தர வேண்டிய இரண்டு புத்தகங்கள். நூலகத்தில் நிலுவை இல்லை என்ற சீட்டையும் வாங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு அவள் அப்பா தேயிலைச் சரிவில் விழுந்து முதுகெலும்பில் அடி. அம்மாவின் கூலியில்தான் வீடு. இவள் மாலையில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்திருக்கிறாள். இரண்டு முறை ஆய்வுக் கட்டணத்தைக் கம்மலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள். இரண்டாவது முறை வைத்ததை மீட்க முடியவில்லை. ஃபேன்சி ஸ்டோர் தோடு போட்டுக்கொண்டு வந்த நாளில் 'நல்லா இருக்கே' என்று நான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஈரோட்டுப் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. நகை அதிகம் கேட்காத இடம்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "கேட்டீங்க மேம். எப்படிப் போகுதுன்னு கேட்டீங்க. தீசிஸைத்தானே கேட்டீங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தமிழ் படித்தவள். நம் அகப்பாடல்களில் தலைவி வாய் திறந்து சொல்வதைவிட அவள் உடம்பு சொல்வது அதிகம். வளை கழலும், தோள் மெலியும், நெற்றியில் பசலை ஊரும். திருக்குறளில் பசலைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 119ஆவது. மனத்தில் உள்ளதை வெளியே விடாமல் அடக்கிவைப்பதை 'நிறை' என்று மரபு மெச்சும். அந்த நிறை உடைவதற்கும் 126ஆவதாக ஓர் அதிகாரம் உண்டு. இத்தனைக்கும் நடுவில் தோழி இருப்பாள். தாய்க்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரியும். பார்ப்பது, படிப்பது, பேச வேண்டிய இடத்தில் பேசுவது அவள் வேலை. இதையெல்லாம் இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்.

எல்லாப் பெண்களும் பசலை காட்ட மாட்டார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? காட்டாமல் இருக்கத்தான் பழக்குகிறோம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வீட்டில் சொல்கிறோம். வகுப்பறையிலோ, குறை சொல்லாத மாணவிக்கு நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக எழுதித் தருகிறோம். பெண்ணியம் பேசுகிற நானும் அதைத்தான் செய்திருந்தேன். அழுதவளுக்கு என் நேரத்தில் பாதியைக் கொடுத்தேன். அழாதவளுக்குப் பாராட்டைக் கொடுத்தேன். பாராட்டுக் கொடுப்பது சுலபம்; அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

ஆவணியில் அவள் கல்யாணம். போய்விட்டு மலையிறங்கும் வழியில் சாலையோர நர்சரியில் ஒரு ரோஸ்மேரி வாங்கினேன். நாற்று இல்லை, பல வருடம் விற்காமல் ஓரத்தில் கிடந்த பழைய செடி. அடித்தண்டு கட்டைவிரல் கனம். ரோஸ்மேரிப் பட்டை சீக்கிரமே வெடித்து உரிந்து கிழடுதட்டிவிடும்; நாலைந்து வயதுச் செடியே நூறு வயது மரம்போல் முறுக்கி நிற்கும். போன்சாய் வளர்ப்பவர்கள் இதை விரும்புவது அதற்காகத்தான். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. எங்கள் தெருவில் இருக்கும் டீச்சரம்மாதான் பார்த்ததும் சொன்னார். அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். மாடியில் ஆல், இச்சி, புளி என்று பதினைந்து போன்சாய் வைத்திருக்கிறார்.

"தொட்டியில வெச்சா நீ மறுபடி மறந்துருவ கண்ணு. தட்டுல வை. அது மறக்க விடாது."

என் கவிதையை அவரிடம் சொன்னேன். பட்டினி போட்டுக் குள்ளமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டினி போட்டா செத்துப் போகும், குள்ளமாகாது. என்ர வீட்டுக்காரரைவிட இந்த மரங்களுக்குத்தான் நான் நேரத்துக்குச் சோறு போட்டிருக்கறேன்."

உடனே தட்டுக்கு மாற்ற அவர் விடவில்லை. ஆல், இச்சி வகைகள் வேரில் பாதியை வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். ரோஸ்மேரி வேரில் கை வைப்பதைப் பொறுக்காது. ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. பெரிய தொட்டியிலிருந்து சிறியது, அதிலிருந்து ஆழமான தட்டு என்று இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாக இறக்க வேண்டும். இன்னொன்றையும் சொன்னார்: எந்தப் பக்கத்து வேர் சாகிறதோ அதற்கு நேர்மேலே இருக்கும் கிளைதான் காயும். அதனால் வெட்டும் ஒவ்வொரு வேருக்கும் மேலே ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தை மாதக் குளிரில் முதல் மாற்றம். மண் என்று சொன்னாலும் அதில் மண் கிடையாது. செங்கல்லை மிளகு, பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்துத் தூளைக் கொட்டிவிட்டு, அதில் பாதி, கரட்டு மணல் கால், மண்புழு உரம் கால். தட்டின் துளைகளுக்கு வலை வைத்து, காற்றில் ஆடி வேர் அறுந்துவிடாமல் செடியைக் கம்பியால் தட்டோடு கட்டி, இரண்டு வாரம் நிழலில் வைத்துவிட்டுத்தான் வெயிலுக்குக் கொண்டுவந்தோம். பிறகு வெயில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஐப்பசி மழையில் மட்டும் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவைக்கிறேன். ஈரக்காற்று நின்றால் இலையில் சாம்பல் பூத்துவிடும்.

தண்ணீர்தான் உண்மையான பாடம். இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கணக்குக் கேட்டேன். கணக்கு டீச்சர் கணக்குத் தரவில்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றைத் தட்டில் செருகி வைக்கச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து உருவினால் எதுவரை நனைந்திருக்கிறது என்று தெரியும். நுனி மட்டும் ஈரமாக இருந்தால் துளைவழியாக ஓடும்வரை ஊற்ற வேண்டும். பாதிவரை ஈரமென்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சித்திரையில் இரண்டு வேளையும் ஊற்றுவேன். மார்கழியில் இரண்டு மூன்று நாள் ஊற்றாமலும் இருப்பேன். இலையைப் பார்க்கவே கூடாது. இலை பொய் சொல்லும் என்பார் டீச்சரம்மா. அது பொய் சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன். கேட்க வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

கம்பி சுற்றுவதை வெகுநாள் தள்ளிப்போட்டேன். என் கவிதையின் மையப் படிமமே அதுதானே. ரோஸ்மேரியில் இளங்குருத்தைத்தான் கம்பியால் திருப்ப முடியும். கட்டையான கிளையை வளைத்தால் கவட்டில் பிளந்துகொண்டு வந்துவிடும். சில வாரங்களில் பட்டையில் பதிவதற்குள் கம்பியை எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு கிளைக்குச் சுற்றினேன். மனம் ஒப்பவில்லை, எடுத்துவிட்டேன். கத்தரியால் மட்டுமே வடிவம் கொடுக்கிறேன். நுனியைக் கிள்ளினால் கீழே இரண்டு துளிர் வரும். ஆனால் கத்தரிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: வெட்டிய பிறகு அந்தக் கிளையில் பச்சை இலை கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டிவிட்டால் ரோஸ்மேரி அங்கிருந்து துளிர்க்காது. அந்தக் கிளை முடிந்தது.

இதை முதலில் கேட்டபோது எனக்கு எத்தனையோ வீடுகள் நினைவுக்கு வந்தன. 'இப்போ கல்யாணம் ஆகட்டும், அப்புறம் படிக்கலாம்.' 'குழந்தை கொஞ்சம் வளரட்டும்.' கட்டைவரை வெட்டிவிட்டுத் துளிர்க்கும் என்று சொல்கிறவர்கள். வெட்டும்போது அதையும் 'உன் நல்லதுக்குத்தான்' என்பார்கள். அங்கே என் பழைய கவிதை இன்னும் உண்மைதான். அதை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. போன்சாயைக் குற்றமற்றதாக ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. இந்த ரோஸ்மேரி என்னிடம் தட்டில் வை என்று கேட்கவில்லை. இதன் அழகு என் கண்ணுக்காக. அதை ஒப்புக்கொண்டுதான் கத்தரியை எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கவிதை ஒன்றைத் தவறவிட்டது. குறுக்குவதையும் வெட்டுவதையும் மட்டுமே வன்முறையாக அது பார்த்தது. என் மாணவியை யாரும் கம்பி சுற்றி வளைக்கவில்லை. அவள் வீட்டில் படிக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை. நானும் அவளைத் தடுக்கவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்று எல்லோரும் நம்பினோம், அவ்வளவுதான். முதல் ரோஸ்மேரியை நான் வெட்டவும் இல்லை, வளைக்கவும் இல்லை. அது பெரிய தொட்டியில், இஷ்டத்துக்கு வளர்ந்து, யாரும் பார்க்காமல் செத்தது.

உவமையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் தெரிகிறது. செடி கட்டையிலிருந்து துளிர்க்காது; பெண் துளிர்ப்பாள். டீச்சரம்மா பத்தாவதோடு நிறுத்தப்பட்டவர். இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு தபாலில் படித்துப் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர். அதை அவர் சாதனையாகச் சொல்வதில்லை. "எங்க மாமியார் கொழந்தைகளைப் பாத்துக்கிட்டாங்க" என்பார். துளிர்ப்பதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்படுகிறது.

இப்போது என்னிடம் நான்கு ஆய்வாளர்கள். மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொருத்தியோடும் தனியாக உட்காருகிறேன். இயல்களை மேசையில் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கட்டணம் எப்படிக் கட்டினாய், சாப்பாடு எங்கே, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்கிறேன். முதலில் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது, எனக்கும்தான். ஒருத்தி, 'எல்லாம் நல்லா இருக்குங்க மேம்' என்றாள். சரி என்று எழுந்துகொள்ளாமல் உட்கார்ந்தே இருந்தேன். சிறிது நேரம் கழித்துப் பேசினாள்.

கோத்தகிரிக்காரிக்கு இப்போது இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஈரோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழ் எடுக்கிறாள். அவளுடைய மூன்று இயல்கள் என் அலமாரியில் இருக்கின்றன. மறுபதிவுக்கு வழி உண்டா என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். உண்டு என்றார்கள். போன மாதம் ஒரு மாலையில் அவளை அழைத்துச் சொன்னேன்.

"பாக்கலாம் மேம்" என்றாள்.

பழைய நானாக இருந்தால் அங்கேயே வைத்திருப்பேன். "பாக்கலாம்னா என்னம்மா? பணமா, வீடா, இல்ல உனக்கே வேண்டாமா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம், யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ராத்திரி நான் கூப்பிடட்டுங்களா மேம்? இப்ப எல்லாரும் இருக்காங்க."

மாடிக்குப் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு அழைத்தாள்.